ஓசை படாமல்

சடையன் சோற்றைத் தொடாமல் எழுந்ததை வெள்ளையம்மாள் கோபம் என்றே எடுத்துக்கொண்டாள். அவள் அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று அவன் சொன்னதில் தொடங்கிய சண்டை. "இனிமே எங்கிட்ட வாயத் தொறக்காத" என்று கத்தியது அவள்தான். மறுநாளும் அவன் பேசவில்லை. கரைத்து வைத்த கூழ் அப்படியே இருந்தது. "ரோஷம் ஜாஸ்தின்னா பட்டினி கெட" என்று கழனிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட, பல் தெரிய அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கிண்டல் என்று நினைத்து, கையிலிருந்த சொம்பைத் தரையில் ஓங்கி வைத்தாள். அந்தச் சத்தத்தில் அவன் முதுகு வில்லாக வளைந்தது. அப்போதும் முகத்தில் அந்தச் சிரிப்பு மாறவில்லை. கண்கள் மட்டும் பயந்திருந்தன.

அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வைக்கோல் பரப்பிய வண்டியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டர் கோதண்டராமன் அவன் குதிகாலைப் பார்த்தார். மாட்டுக் கொட்டகையில் லாட ஆணி குத்திய இடம். மஞ்சள் பற்றுக்கு அடியில் புண் ஏறக்குறைய ஆறியிருந்தது.

"ரணஜன்னிம்மா. ஆணி குத்துன புண்ணு வழியா விஷம் ஏறியிருக்கு. சதை இறுகினா அடுத்து தளரணும். கைய மடக்கி நீட்டறோமே, அதுகூட அப்படித்தான். தளர விடுற நரம்ப இந்த விஷம் கட்டிப்போட்டுடுது. இறுக்கம் மட்டும் அப்படியே நிக்குது. மொதல்ல தாடைதான் பூட்டிக்கும், அதான் வாயத் தொறக்க முடியல. ஊசி போட்டிருக்கோம். வெளிச்சம், சத்தம் ஆகாது. தொடவும் கூடாது."

"நான் பேசலாங்களா?"

"வேணாம்மா. உன் குரலுக்கே இழுத்துடும்."

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, கறுப்புத் துணி கட்டிய ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். வெளியே கார்த்திகைத் தீபத்துக்கு வந்த கூட்டம். எங்கோ ஒரு வேட்டு வெடித்தால் இங்கே கட்டில் கிறீச்சிட்டது. வளைந்த உடம்பு கீழே இறங்கும்வரை அவளும் மூச்சுவிடவில்லை. அவனுக்கு நினைவு தப்பவேயில்லை என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

தண்ணீர் எடுக்கக் கை நீட்டியபோது அவளுடைய கண்ணாடி வளையல்கள் உரசின. அவன் பற்கள் நறநறத்தன. தாழ்வாரத்துக்குப் போய், சோப்புத் தடவி வளையல்களை ஒவ்வொன்றாக உருவினாள். மெட்டியையும் கழற்றினாள். அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்த சடையனின் அக்கா உண்ணாமலை பார்த்துவிட்டாள்.

"அடிப்பாவி! எந்தம்பி உசுரோட இருக்கான்டி. தீபமும் அதுவுமா மொட்டக் கையோட நிக்கிறியே!"

"உசுரோட இருக்கணும்னுதான் அண்ணி. மெதுவா பேசுங்க."

உண்ணாமலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கூட்டம் வடிந்து ஊர் அடங்கியது. இழுப்பு வருவது குறைந்திருந்தது. ஆனால் டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. அன்று பகலில் வெள்ளையம்மாள் கட்டிலருகே குனிந்து, சொல்ல நினைத்ததைக் குரலில்லாமல் உதட்டால் மட்டும் சொன்னாள். ஜன்னல் துணியோரம் கசிந்த மங்கல் ஒளி அவன் முகத்தில்தான் இருந்தது; இருட்டிலிருந்த அவள் உதட்டசைவு அவனுக்குத் தெரிந்திருக்காது.

ஓர் ஈ வந்து அவன் நெற்றியில் உட்கார்ந்தது. விரட்டினால் காற்று படும். கைகளை மடியில் இறுக்கிக்கொண்டு பார்த்திருந்தாள். ஈ மூக்கோரமாக இறங்கி, கன்னத்தில் நின்று, உதட்டுக்கு வந்தது. உடம்பு வளையவில்லை. அதுவரை இறுகியே கிடந்த மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே, நூல் அளவுக்கு, இருட்டாக ஓர் இடைவெளி தெரிந்தது.