கொப்பிக்குள் வராத ஓங்கில்கள்

ஜூலியானாவின் கையெழுத்து அழகானது. அதனால்தான் படகுக் கொப்பி அவளிடம் வந்து சேர்ந்தது. டொல்பின் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போகும் ஒவ்வொரு படகுக்கும் வனஜீவராசிகள் அலுவலகம் அனுமதிப் பத்திரத்தோடு ஒரு பச்சை மட்டைக் கொப்பியும் கொடுத்திருந்தது. நாள், நேரம், கண்ட இடம், கண்ட எண்ணிக்கை. அவள் புருசன் கில்பட் கடலால் வந்து, காலைக் கழுவிவிட்டு, பாணும் சம்பலும் வாய்க்குள் இருக்கச் சொல்லுவான், அவள் எழுதுவாள்.

“எழுது. நாலு.”

“நாலா? அந்த வெள்ளைக்காரப் பிள்ளை கரையில நிண்டு துள்ளித் துள்ளிப் படம் காட்டினாளே. அதில கடலே கறுத்துக் கிடந்துது.”

“அவளுக்கு எண்ணத் தெரியாது. நாலெண்டு எழுது.”

எத்தாளைப் பக்கத்துக் கரைகளில் படகு மணலில் முட்டும்போது நிற்பவர்கள் “எப்பிடி?” என்பார்கள். படகுக்காரன் “பெரிசா ஒண்டுமில்ல” என்பான். வலை கிழியக் கிழிய மீன் கிடந்தாலும் அதுதான் பதில். எண்ணிக்கை சொன்னால் கண்படும். இடம் சொன்னால் மறுநாள் அங்கே நாற்பது படகு நிற்கும். ஓங்கிலை, அதாவது டொல்பினை, யாரும் அள்ளிக்கொண்டு போகப்போவதில்லைதான். ஆனாலும் பழகிய நாக்குக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரிகிறது? போதாக்குறைக்குச் சங்கத் தலைவர் லோறன்ஸ் வேறு, “கூட எழுதினா அனுமதிக் கட்டணத்தையும் கூட்டிப்போடுவாங்கள்” என்று எல்லோர் காதிலும் போட்டு வைத்திருந்தார். ஆகவே ஏழு படகுகளின் ஏழு கொப்பிகளிலும் கடல் ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது.

ஐப்பசியில் காற்று அடங்கி, அனுமதியைப் புதுப்பிக்கும் நாள் வந்தபோது, புத்தளத்திலிருந்து நளீர் என்ற உத்தியோகத்தர் கொப்பிகளையும் ஒரு பெரிய வரைபடத்தையும் தூக்கிக்கொண்டு சங்க மண்டபத்துக்கு வந்தார். வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள்.

“இதெல்லாம் நீங்க எழுதித் தந்த இடங்கள்,” என்றார். “லோறன்ஸ் அண்ணன், உங்கட புள்ளிய ஒருக்காப் பாருங்க. எங்க இரிக்கி?”

லோறன்ஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். “இது… எங்கட கோயில் வளவெல்லோ.”

“ஓம். ரெண்டு வருசமா உங்கட டொல்பின் கோயில் வளவுக்குள்ளதான் நீந்துது.”

மண்டபம் சிரித்தது. நளீர் சிரிக்கவில்லை. தலைமை அலுவலகம் கணக்கைப் பார்த்துவிட்டது என்றார். படகுகளின் தொல்லையால் மிருகங்கள் ஓடிவிட்டன, இந்தக் கடலுக்கு இரண்டு வருசம் ஓய்வு கொடுங்கள், அதுவரை அனுமதி வேண்டாம் என்று முடிவெடுக்கப் போகிறார்கள். திங்கட்கிழமை அறிக்கை போகவேண்டும்.

“கட்டணம் எங்க போகுது, எங்க போகுதெண்டு எப்பவும் கேப்பீங்களே. காவல் படகுக்கு எண்ணெய் அதிலதான். இங்க மிருகம் இல்லாட்டி அந்தப் படகும் வேற கரைக்குப் போகும். ஆராவது உண்மையச் சொல்லுங்க. எங்க நிக்குது? எத்தன நிக்குது?”

ஆண்கள் அனைவருக்கும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்க்கவேண்டி வந்தது.

கில்பட்டின் பக்கத்தில் இருந்த ஜூலியானா அவனைப் பார்த்தாள். இந்த அனுமதி வருமுன்பு கில்பட் பன்னிரண்டு வருசம் சிலாபத்தில் பலநாள் படகில் போனவன். போனால் ஒரு மாதம். சின்னவள் டெனிஷா தகப்பனைக் கண்டால் கதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட காலம் அது. இப்போது அவன் ஒவ்வொரு நாளும் வீட்டில் படுக்கிறான். எஞ்சினைப் போல குறட்டை விடுகிறான். காலையில் அதற்காக அவனைத் திட்டுவது அவளுக்கு மிகவும் பிடித்த வேலை.

அவள் எழும்பினாள். கில்பட் அவளுடைய கவுணைப் பிடித்து இழுத்தான். அவள் தட்டிவிட்டாள்.

“சேர், ஓங்கில் இருக்கு. நிறைய இருக்கு. எங்கட கொப்பிய எழுதினது நான்தான். எல்லாம் பொய்.”

“அடியே ஜூலி!”

“பாருக்கு வெளியால, கோயில் சிலுவையும் மூண்டாவது கரண்ட் காற்றாடியும் ஒரே கோட்டில வாற இடம். அங்கதான் நிக்கும்.”

கடலடிப் பாறையைத் தாண்டிய அந்த இடத்தை, ஒருநாள் நல்ல மனதோடு இருந்தபோது, கில்பட் அவள் காதுக்குள் சொல்லியிருந்தான். அவனுடைய சொத்திலேயே பெரிய சொத்து அது. லோறன்ஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

“அது என்ட இடமெல்லோ!”

“உங்கடயா? அது என்ட அப்பாட இடம்!” என்றான் இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் மற்ற ஆறு பேருக்கும் அதுவே இரகசிய இடமாகிவிட்டது. நளீர் மேசையில் தட்டினார்.

“நாளைக்குக் காலமே ஒரேயொரு படகு. கில்பட்ட படகு. தங்கச்சி, நீங்க கொப்பியோட வாங்க.”

இரண்டு வருசமாக ஓங்கில் எழுதியவள் அதை ஒரு நாளும் கண்டதில்லை. அந்தக் கரையில் பெண்கள் படகில் ஏறுவது திருநாளுக்கு மட்டும்தான். அவள் கொப்பியை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டுக்கொண்டு வந்து ஏறினாள்.

கடல் எண்ணெய் பூசியது போலக் கிடந்தது. சிலுவையும் மூன்றாவது காற்றாடியும் ஒன்றன்மேல் ஒன்று வந்ததும் கில்பட் எஞ்சினை நிறுத்தினான். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு மணித்தியாலம் போனது. ஒரு கடற்காகம் வந்து இருந்து, சலித்து, பறந்து போனது.

நளீர் மணிக்கூட்டைப் பார்த்தார். “பரவாயில்ல தங்கச்சி,” என்றார் மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் அவளைப் பயப்படுத்தியது.

அவள் கில்பட்டைத் திரும்பிப் பார்த்தாள். ஓங்கிலுக்குக் காத்திருக்கிறவன் கடலைப் பார்ப்பான். இவன் தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இஞ்சாருங்க,” என்றாள். “எனக்கும் பெரிசா ஒண்டுமில்லையா?”

கில்பட்டின் காது இரண்டும் சிவந்தன. “இல்ல ஜூலி… நீ கிணத்தடியில ஆரோடயும் வாய் தவறி…”

“அப்ப நேத்து மற்ற ஆறு பேரும் என்ட இடம், என்ட இடமெண்டது?”

“பொய் இடமெண்டு கண்டவுடன அவங்களுக்குச் சந்தோசம். அதுதான் பாய்ஞ்சு விழுந்து பிடிச்சவங்கள்.”

நளீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜூலியானா சிரிக்கவில்லை. கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு புருசனையே பார்த்தாள்.

“திரும்பவும் சிலாபத்துக்குப் போகப்போறீங்களா? போறதெண்டா சொல்லுங்க. உங்கட உடுப்பை அடுக்கி வைக்கிறன்.”

கில்பட் எழும்பினான். எஞ்சின் கயிற்றைப் பிடித்தவன் ஏதோ நினைத்துக்கொண்டு நின்றான். “சேர், கொஞ்சம் அங்கால திரும்பி இருக்கிறீங்களா?”

“மனுசன், என்ட கையில ஜீபீஎஸ் இரிக்கி!”

கில்பட் பெருமூச்சு விட்டு எஞ்சினை இழுத்தான். படகு வடக்கே அரை மணித்தியாலம் ஓடியது. அங்கே முதலில் தெரிந்தது ஓங்கில் இல்லை, லோறன்ஸ்தான். அவரோடு இன்னும் ஐந்து படகுகள். எல்லோரும் கைத்தூண்டிலைத் தண்ணீருக்குள் விட்டு, தற்செயலாக மீன் பிடிக்க வந்தவர்கள் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காவல் காக்க வந்த பொருள் அவர்களைச் சுற்றியே துள்ளிக்கொண்டிருந்தது.

ஜூலியானா படகின் விளிம்பைப் பிடித்தாள். சாம்பல் உடம்புகள் தண்ணீரைக் கிழித்து எழும்பி, காற்றில் பம்பரம் போலச் சுழன்று, விழுந்தன. தாய்களின் விலாவோடு ஒட்டிக்கொண்டு குட்டிகள். முகத்தில் உப்புத் தண்ணீர் அடித்தது. நாலு, நாலு, மூன்று, ஒன்றுமில்லை என்று அவள் எழுதிய பக்கங்கள் எல்லாம் உயிரோடு எழும்பி வந்து, எங்களையா இல்லை என்றாய் என்று கேட்பது போல இருந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“முந்நூறுக்குக் குறையாது,” என்றார் நளீர்.

“ஒரு அம்பது…” என்று தொடங்கிய கில்பட், அவளுடைய முகத்தைப் பார்த்தான். “முந்நூறெண்டே போடு.”

அவள் எழுதினாள். படகும் ஆடியது, கையும் ஆடியது. அந்தக் கொப்பியிலேயே அசிங்கமான கையெழுத்து அந்த வரிதான். நளீர் பக்கத்தில் கையொப்பம் வைத்தார். “திங்கக்கிழம உண்மை போகும். அனுமதி நிக்காமப் பாக்குறன்,” என்று மற்றப் படகுகளுக்கும் கேட்கச் சொன்னார்.

“கட்டணம் கூடுமோ, சேர்?” என்று லோறன்ஸ் அங்கிருந்து கத்தினார்.

“தூண்டில இழுங்க அண்ணன். இரையே குத்தல்ல நீங்க!”

படகு மணலில் முட்டும்போது கரையில் பக்கத்து வீட்டு டிலுக்ஷியும் இன்னும் நாலைந்து பெண்களும் காத்துக்கொண்டிருந்தார்கள். “எப்பிடி ஜூலியக்கா?” என்று டிலுக்ஷி ஓடி வந்தாள். “ஓங்கில் கண்டீங்களா? எத்தினை?”

ஜூலியானா கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். உதடுவரை வந்த முந்நூறும் அங்கேயே நின்றது.

“பெரிசா ஒண்டுமில்ல,” என்றாள்.