வேலியோரப் பலகை

மோட்டோகிராஸ் என்கிற மண்மேட்டு பைக் பந்தயத்தில், ஓட்டுகிறவன் காதில் யாரும் ரேடியோவில் பேச முடியாது. செய்தி சொல்ல வேண்டுமென்றால் வேலியோரம் நின்று ஒரு பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆறு வருடம் எனக்கு அதைப் பிடித்தவள் என் மனைவி கொரின். முன்னால் போகிறவனுக்கும் எனக்கும் எத்தனை நொடி இடைவெளி என்று எழுதுவாள். கீழே எப்போதும் ஒரே வரி: மூச்சு விடு. நெருக்கடியில் நான் மூச்சை அடக்கிவிடுவேன். கைகள் மரத்துப் போகும்.

இரண்டு தேசியப் பட்டங்கள். காறை எலும்பு முறிந்தது மூன்று முறை. கடைசியாக இடுப்பு.

"குரங்கே, இனிமே தலைக்கு மேல கூரை இருந்தாத்தான் ஓட்டலாம்," என்றாள் மருத்துவமனையில்.

"கூரை இருந்தா அது கார்தானே?"

"கண்டுபிடிச்சுட்டாரு விஞ்ஞானி."

கலிஃபோர்னியாவை விட்டு வட கரோலினாவுக்கு வந்தோம். இனி ஸ்டாக் கார் பந்தயம், அரை மைல் தார் வட்டம். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று பார்வையாளர் மாடத்தின் கூரையிலிருந்து ரேடியோவில் சொல்ல எனக்கு டெல்பர்ட் இருந்தார். கொரின் அப்போதும் பலகையை விடவில்லை. மூன்றாம் வளைவில், உள்வேலியோரம் நின்றாள்.

"ஏம்மா, இந்த வேகத்துல அவன் எதைப் படிக்கப் போறான்?" என்று டெல்பர்ட் சிரித்தார்.

"அவனுக்கு எங்க படிக்கத் தெரியும்? நான் நிக்கிறேனான்னு பாப்பான். அது போதும்."

போன மார்ச்சில் மளிகைக் கடை வரிசையில் நின்றபடியே விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. வயது இருபத்தொன்பது.

அதன் பிறகு ஒரு பந்தயத்திலும் நான் முதல் பத்துக்குள் வரவில்லை. அக்டோபரில், அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முன் அணியின் உரிமையாளர் லொரேன் வந்தார்.

"வேட், உன் மேல பிரியம் உண்டு. பிரியத்துக்கு எவனும் டயர் தரமாட்டான். முதல் அஞ்சுல வா, அடுத்த வருஷமும் கார் உனக்குத்தான். வரலேன்னா வேற ஆளப் பாக்கணும்."

"சரிங்க மேடம்," என்றேன். அந்தக் கார் கொரின் எனக்காகத் தேர்ந்தெடுத்தது. எனக்கு வேறெதுவும் மிச்சமில்லை.

பந்தயத்தில் பதினோரு சுற்று பாக்கி. நான் நான்காவது. எனக்கு இடப்பக்கம், உள்தடத்தில், ஒரு பச்சைக் கார் ஒட்டிக்கொண்டே வந்தது.

"உள்ள இருக்கான்," என்றார் டெல்பர்ட். "இன்னும் இருக்கான். இன்னும் இருக்கான்."

மூன்றாம் வளைவு நெருங்கியது. என் கைகள் மரத்திருந்தன.

"மூச்சு விடு, தம்பி," என்றார் டெல்பர்ட்.

நான் வேலியைப் பார்த்தேன்.

பார்க்கும் இடத்துக்கு வண்டி போகும். மோட்டோகிராஸில் முதல் நாளே கற்றுத்தரும் பாடம் அது. என் கைகள் அதை மறக்கவில்லை. கார் இடப்பக்கம் இறங்கிப் பச்சைக் காரின் கதவில் மோதியது. இருவரும் சுழன்றோம். நான் சுவரில் போய் நின்றேன்.

வேலியோரம் யாரும் இல்லை.

மருத்துவ அறையில் ஒரு பெண் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தாள். பிறகு என் விவர அட்டையைப் பார்த்தாள்.

"அவசரத்துக்குக் கொரின்னு போட்டிருக்கு. கூப்பிடவா?"

"வேண்டாம்."

"வேற யாராவது?"

"இல்ல."

டெல்பர்ட் வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வளைவுல கார் விறைச்சுக்கிட்டுப் போச்சுடா. அவ எழுதுறது ஞாபகம் வந்துது. நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"தெரியும்," என்றேன்.

லொரேன் வெளியே காத்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கார்லேர்ந்து உன் சீட்டைக் கழட்டச் சொல்லிட்டேன். எடுத்துட்டுப் போயிடு. உன் உடம்புக்கு அச்செடுத்து வார்த்தது, வேற யாருக்கும் பொருந்தாது."

தூக்கிக்கொண்டு போனேன். என் பிக்கப் வண்டியின் பின்னால் பலகை கிடந்தது. மார்ச்சிலிருந்து அதை எடுக்கவில்லை. சீட்டை அதன்மேல் கவிழ்த்து வைத்துக் கயிற்றால் கட்டினேன்.