தயக்கத்தின் ஞானத்தாய்

அருள்ராணி டீச்சரின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கினால் ஐப்பசி மழை தோற்றுப்போகும். ஓட்டுக்கூரை அதிரும். ரோட்டில் போகிற வண்டிக்காரன் மாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்பான். தலைமையாசிரியர் பங்கிராஸ் கண்ணை மூடித் தலையாட்டுவார். படித்ததில் ஒரு வரியாவது புரிந்ததா என்று மட்டும் அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்டதில்லை. அருள்ராணி கேட்டுத் தொலைத்தாள்.

"தயக்கம்னா என்ன?"

"தடுமாற்றம், டீச்சர்!" வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் முழங்கியது.

"சரி, தடுமாற்றம்னா?"

"தயக்கம், டீச்சர்!"

செக்குமாடு சுற்றினாலாவது எண்ணெய் வரும். இதில் என்ன வரும்? அருள்ராணிக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? ஆவூருக்குத் தெற்கே கண்மாய்க்கரையில் இருந்த அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் அதுவரை நாலாம் வகுப்போடு சரி. சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகப்போகிற சமயத்தில், ஊரார் மனுமேல் மனுவாகப் போட்டு, அந்த ஜூனில்தான் ஐந்தாம் வகுப்பு வந்தது. அதுவும் தற்காலிகமாக. மழை ஓய்ந்ததும் இன்ஸ்பெக்டர் வருவார். பிள்ளைகள் பார்த்தேயிராத கதை ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேள்வி கேட்பார். புரிந்து படித்தால் வகுப்பு நிலைக்கும். இல்லாவிட்டால் மூடல். பையன்கள் காட்டாற்றைத் தாண்டி அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் எங்கே போவார்கள்?

செவந்தியின் அப்பா சோலையப்பன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். "இங்கன இருந்தா படிக்கட்டும் டீச்சர். ஆத்தத் தாண்டியெல்லாம் பொம்பளப்புள்ளய அனுப்ப மாட்டேன். ஆடு மேய்க்க ஆள் வேணும்ல." மனிதர் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். செவந்தியோ சுவரில் ஒட்டின நோட்டீசைக்கூட விடாமல் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். அவளை நினைத்தால் அருள்ராணிக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவூர்க் கோயிலில் பூசை முடிந்ததும் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. அதை வளர்க்கும் பொறுப்பை ஏற்று ஞானத்தாயாக நின்றவள் அருள்ராணியின் தெருக்காரி. முந்தின நாள்வரை அந்தக் குழந்தை அழுதால் திரும்பியும் பார்க்காதவள். தலையில் தண்ணீர் விழுந்ததுதான் தாமதம், "கழுத்தைப் பிடி! காத்துப்படாமப் போத்து!" என்று பெற்றவளையே அதட்டத் தொடங்கிவிட்டாள். அருள்ராணி நின்ற இடத்திலேயே, "ஆண்டவரே, இதுதான்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை காலை வகுப்பில் பாதிப் பிள்ளைகள் நெற்றியில் விபூதியோடும் பாதிப் பிள்ளைகள் கழுத்தில் மாதா படம் தொங்கும் உத்தரியத்தோடும் உட்கார்ந்திருக்க, அருள்ராணி ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்தாள். "இன்னைக்கு இருந்து இந்தச் சொல்லு ஒன் ஞானப்பிள்ளை. நீதான் வளக்கணும்."

"நாங்க வேதக்காரங்க இல்லையே, டீச்சர்," என்றாள் செவந்தி.

"சொல்லுக்கு ஏதுடி சாதியும் வேதமும்? வச்சுக்க. ஒனக்குத் தயக்கம்."

சொல்லை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்; அது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து வந்து சொல்ல வேண்டும்; அண்டை அயல் சொற்களுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று காட்ட வேண்டும். இவை அருள்ராணி போட்ட சட்டங்கள். ஒருத்தர் பிள்ளையை இன்னொருத்தர் கேட்காமல் தொடக்கூடாது என்பது பிள்ளைகளாகச் சேர்த்துக்கொண்டது. அவளும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

மறுநாள் செவந்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "டீச்சர், பாத்துட்டேன்! எங்க வெள்ளாட்டுக்கிட்ட இருக்கு! வாய்க்கால்ல தண்ணி ஓடுது. அங்கிட்டுப் புல்லு, இங்கிட்டு ஆடு. முன்னங்கால வைக்குது, எடுக்குது, வைக்குது, எடுக்குது. அது பயமில்ல டீச்சர், பயம்னா ஓடிரும். வேணாம்னும் இல்ல, வேணாம்னா படுத்துரும். போகவும் ஆச, போகவும் முடியல. அதான் தயக்கம்!"

அருள்ராணி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். எத்தனை உரையைப் புரட்டினாலும் இப்படி ஒரு விளக்கம் கிடைக்குமா?

அதற்கப்புறம் ஊரில் சொற்கள் நடமாடத் தொடங்கின. சூசைராஜின் பிள்ளை அலட்சியம். அவன் தன் மாமன் வண்டிச் சக்கரத்துக்கு மை போடாததை அலட்சியம் என்றான். மாமன் மறதி என்றார். கிணற்றடியில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. தலைமையாசிரியருக்கு மட்டும் பொறுக்கவில்லை. "ஆடு மாடெல்லாம் வகுப்புக்குள்ள வருது. கடகடன்னு வாசிச்ச புள்ளைங்க இப்பக் கண்ணைக் கண்ணை உருட்டிக்கிட்டு நிக்கிதுங்க. இன்ஸ்பெக்டர் வந்தா நீங்கதான் பதில் சொல்லணும்மா," என்று கைகழுவினார்.

கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்ததும் இன்ஸ்பெக்டர் ஆத்மநாதன் வந்தார். மடிப்புக் கலையாத கோட்டு, சிரிக்காத முகம். தாமே எழுதிக் கொண்டுவந்த ஒரு கதையைச் சூசைராஜிடம் நீட்டினார். சூசைராஜ் கணீரென்று தொடங்கினான்: "ஆற்றில் வெள்ளம் புரண்டோடியது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையோடு ஒருத்தி அக்கரைக்குப் போகத் துடித்தாள். தோணிக்காரன் கையில் துடுப்போடு நின்றான். அவன் முகத்தில்..."

நின்றுவிட்டான். தலையைத் திருப்பிச் செவந்தியைப் பார்த்தான்.

"என்னப்பா, தெரியலையா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சா வாசி."

"அது செவந்தியோட புள்ள சார். கேக்காமத் தொடக்கூடாது."

பங்கிராஸ் சாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பிடுங்கி அடுத்திருந்த சின்னப்பிள்ளை என்ற சிறுமியிடம் கொடுத்தார். அந்தச் சொல்லைத் தாண்டி அவள் தொடங்கினாள்: "கரையில் கூடி நின்றவர்கள்..." அவளும் நின்றாள். சூசைராஜைப் பார்த்தாள்.

"வகுப்பே திக்குதே," என்றார் ஆத்மநாதன் பேனாவை எடுத்தபடி. "நாலாவதோட நிறுத்திக்கிறதுதான் நல்லது."

அருள்ராணி, தான் சிரித்துக்கொண்டே விட்டுவிட்ட அந்தச் சட்டத்தை நினைத்தாள். ஆசையாக வளர்த்த பயிரில் தானே மாட்டை விட்டது போலிருந்தது. அப்போது செவந்தி எழுந்தாள். உட்காரப் போனாள். மறுபடியும் எழுந்தாள்.

"தொட்டுக்கலாம், நான் சொல்லிட்டேன்," என்றாள் நடுங்கிய குரலில். "சார், அவரு மொகத்துல இருந்தது தயக்கம்."

ஆத்மநாதன் பேனாவை நிறுத்தினார். "அப்படின்னா தோணிக்காரன் பயந்தாங்கொள்ளிதானே?"

"இல்ல சார்!" நடுக்கமெல்லாம் எங்கே போனதோ! "பயந்திருந்தா துடுப்பப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு. துடுப்பு இன்னும் கையிலதான இருக்கு? போகாட்டி அந்தப் புள்ள செத்துரும், போனா எல்லாரும் முழுகிருவமோன்னு நிக்கிறாரு. எங்க ஆடு வாய்க்கால்ல நின்ன மாதிரி."

"கரையில நின்னவங்க?"

சூசைராஜ் துள்ளி எழுந்தான். சின்னப்பிள்ளை கையில் இருந்த காகிதத்தை எட்டிப் பார்த்தான். "சார், 'அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்'னு போட்டிருக்கு. எம்புள்ள இங்க வராது சார்! செய்ய முடிஞ்சதச் செய்யாம விட்டாத்தான் அலட்சியம். அவங்களுக்குத் தோணி ஓட்டத் தெரியாதே!"

"ஒரு கயித்தையாவது தூக்கிப் போட்டிருக்கலாம்ல?" சின்னப்பிள்ளை கத்தினாள். "அலட்சியந்தான்!"

"கயிறு இருந்ததுன்னு கதையில இல்லையே!" என்றது இன்னொரு குரல். அந்தக் குரல் இன்ஸ்பெக்டருடையது. அவரே திடுக்கிட்டுப் போனார்.

"இல்லைன்னும் இல்லையே சார்!" என்றது வகுப்பு.

அவ்வளவுதான், வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. காகிதம் கைக்குக் கை பறந்தது. ஒரு வரியைக் காட்டி ஒருத்தன் அடிக்க, அடுத்த வரியைக் காட்டி இன்னொருத்தி திருப்பியடித்தாள். ஆத்மநாதன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, நடுவில் நின்று தம் கதைக்குத் தாமே வக்காலத்து வாங்கிப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் "சரிப்பா, அந்தச் சொல்லை மாத்திடுறேன்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சிரிக்காத முகத்தில் பல் தெரிந்தது. அருள்ராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சந்தோஷத்தில் அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆரவாரம் அடங்கியதும் இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "ஐந்தாம் வகுப்புக்கு நிரந்தர அங்கீகாரம் வழங்கப்படுகிறது."

பங்கிராஸ் சார் சிலுவை போட்டுக்கொண்டார். பிள்ளைகளோ விழித்தார்கள். அந்தச் சொல் ஒருத்தருக்கும் தெரியாது. நல்லதா கெட்டதா என்று டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் இன்னும் பயந்தார்கள்.

"அங்கீகாரம்!" அருள்ராணி கரும்பலகையில் பெரிதாக எழுதினாள். "புதுப் பிள்ளை. யாருக்கு வேணும்?"

செவந்தியின் கை முதலில் உயர்ந்தது.

"ஒனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. ஞானப்பிள்ளைய விட்டுட முடியுமா?"

"அது வளந்துருச்சு டீச்சர். தன்னால நிக்கும். இத எனக்குக் குடுங்க."

அருள்ராணி குனிந்து அவள் காதில் பொருளைச் சொன்னாள். செவந்தி புத்தகப் பையைக்கூட எடுக்காமல் வெளியே பாய்ந்தாள். வேலிப்படலோரம் சோலையப்பன் ஆடுகளோடு நின்றிருந்தார். கையில் தழை பறிக்கும் ஒரு தொரட்டிக்கம்பு, வகுப்பு மூடினால் மகளுக்கென்று சின்னதாக இன்னொன்று.

"அப்பா, அங்கீகாரம்!"

"அப்படின்னா?"

"அந்தக் கம்பு எனக்கு வேணாம்னு அர்த்தம்ப்பா! நாளைக்கும் பள்ளிக்கூடம் இருக்கு!"

சோலையப்பன் மகளைப் பார்த்தார், வாசலில் நின்ற டீச்சரைப் பார்த்தார். சின்னக் கம்பை வேலிக்குள் செருகிவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தார்.