புதன்கிழமை மூணாம் பீரியட்

புதன்கிழமை வந்தாலே நெட்டச்சிக்குப் பற்றிக்கொண்டு வரும். மூணாம் பீரியடில் பியூன் ஒரு துண்டுச் சீட்டோடு வாசலில் நிற்பார். கணக்கு சார் அதை வாங்கிப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாயாடி எழுந்து போவாள். இவளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அவள் பேசுவாள், இவள் கேட்பாள். அப்பா வீட்டை விட்டுப் போனது, கணக்கு சார் தலையில் இருப்பது சொந்த முடி இல்லை என்று கண்டுபிடித்தது, எல்லாம் முதலில் இவள் காதுக்குத்தான் வரும். நாலு மாதமாக வாயாடி வாயே திறப்பதில்லை. சிரிப்பு போனது, தூக்கம் போனது, மத்தியானச் சாப்பாடு அப்படியே வீடு திரும்பியது. யார் கண்ணிலும் படவில்லை. எண்பத்தாறு மார்க் முப்பத்தெட்டாக விழுந்த அன்றைக்குத்தான் பள்ளிக்கூடமே அலறியடித்து ஓடி வந்தது. அப்புறம் டாக்டர், மாத்திரை, வாரத்துக்கு ஒருநாள் ஆலோசகர் மிஸ்.

மிஸ்ஸின் அறை முன்பு விளையாட்டுச் சாமான் போட்டு வைத்த இடம். காற்றுப்போன பந்துகள் இன்னும் ஒரு மூலையில் வலைக்குள் கிடக்கின்றன. எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் டிஷ்யூ டப்பா. நெட்டச்சி ஜன்னல் வழியாக எல்லாம் பார்த்து வைத்திருந்தாள். இதில் அப்படி என்ன இருக்கிறது? அஞ்சு வருஷமாக மூக்கைத் துடைத்துவிட்டது இவளுடைய துப்பட்டா. பேர் வாங்குவது டிஷ்யூ டப்பாவா?

"உள்ள என்னடி பேசுவீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா நாப்பது நிமிஷம்?"

"எனக்குக் கொஞ்சம் ஸ்பேஸ் குடுடி."

ஸ்பேஸாம். மிஸ் சொல்லிக் கொடுத்த வார்த்தை. நெட்டச்சி தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இந்தா மகாராணி, முழு பெஞ்சும் எடுத்துக்கோ."

வாயாடி சிரிக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை டாய்லெட்டில் வைத்து, வாயாடி தானாகவே தன் பென்சில் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே மாத்திரைகள். அம்மா தினமும் கொடுப்பதை முழுங்குகிற மாதிரி நடித்துவிட்டுச் சேர்த்து வைக்கிறாளாம்.

"எதுக்குடி?"

"இருக்கட்டும்னுதான். யார்கிட்டயும் சொல்லாத."

"மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

நெட்டச்சிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நடுவில் ஒரு புதன்கிழமை வந்து போனது. அன்று எரிச்சலே இல்லை. போ, போய் உப்புச்சப்பில்லாததையெல்லாம் அவகிட்ட சொல்லு, சரக்கு என்கிட்ட இருக்கு என்று மனசுக்குள் கெக்கலித்தாள். வீட்டில் படுத்தால் மட்டும் அந்த டப்பா கண்ணுக்குள் வந்து நிற்கும். புரண்டு படுத்துக்கொள்வாள். சொன்னால் அது தன்னுடையதாக இருக்காது.

மறு புதன்கிழமை காலை, மணி அடிக்குமுன் வாயாடி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி இவள் மணிக்கட்டில் கட்டினாள். மாமா வாங்கித் தந்தது. ஒரு நிமிஷம் போட்டுப் பார்க்கக்கூட யாருக்கும் தந்ததில்லை.

"எனக்கா?"

"உனக்குத்தான். நீயே வெச்சுக்கோ."

நெட்டச்சிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டாம் பீரியட் முடிந்ததும் நேரே மிஸ்ஸின் அறைப்பக்கம் நடந்தாள். அங்கே ஒரு வேலையும் கிடையாது. கதவோரம் நின்று கையை ஆட்டி ஆட்டித் தலையைச் சரிசெய்தாள்.

"என்னம்மா, யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்ல மிஸ். டைம் பாத்தேன்." அப்படியும் மிஸ் கவனிக்கவில்லை. இவளுக்குப் பொறுக்கவில்லை. "இது அவளோடது. எனக்கே குடுத்துட்டா. எனக்கு மட்டும்."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப குடுத்தா?"

"இன்னிக்குக் காலைல."

"ஏன்னு சொன்னாளா?"

"ஃப்ரெண்டுன்னா குடுப்பாங்க மிஸ்." அதைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. மிஸ்ஸின் முகத்தில் பொறாமை இல்லை. பொறாமை இருக்கும் என்று நம்பித்தானே வந்தாள். அங்கே இருந்தது பயம். பெரியவர்கள் மறைக்க மறந்துபோகிற பயம்.

"வேற யாருக்காவது ஏதாவது குடுத்தாளா? உன்கிட்ட ஏதாவது சொல்லியிருக்காளா? யோசிச்சுச் சொல்லும்மா."

யோசிக்க என்ன இருக்கிறது. ஒன்பது நாளாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது. சொன்னால் முடிந்தது, வாயாடி இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டாள். இந்த அறைக்குத்தான் எல்லாம் சொந்தமாகும். நெட்டச்சி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "பென்சில் டப்பாவைப் பாருங்க மிஸ்" என்றாள். மாத்திரை என்ற வார்த்தையும் ஒன்பது நாள் கணக்கும் அழுகையோடு சேர்ந்து வந்தன.

"ஒன்பது நாளா நீ மட்டுமா சுமந்துட்டிருந்த?" என்றார் மிஸ். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குள் அவர் எழுந்து நடந்துகொண்டே போனில் வாயாடியின் அம்மாவை அழைத்துவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் அம்மா வந்துவிட்டார். வேலை இடத்து ஏப்ரன்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். வராந்தாவில் மூவரும் நடந்துவந்தார்கள். நடுவில் வாயாடி. நெட்டச்சியைத் தாண்டும்போது நின்றாள்.

"உன்கிட்ட மட்டும்தான்டி சொன்னேன்."

எத்தனை புதன்கிழமை இந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கியிருப்பாள். கேட்டாகிவிட்டது. செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அவர்கள் படியிறங்கினார்கள். மிஸ்ஸின் கை வாயாடியின் தோளில் இருந்தது. வாயாடி அதைத் தட்டிவிடவில்லை. அந்தக் கையைப் பார்த்து இப்போதும், இந்த நேரத்திலும், நெட்டச்சிக்குக் காந்தியது. வெட்கமாகவும் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, வகுப்புகளெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்:

"பேசாட்டிப் போடி! உசுரோட இருந்துட்டுப் பேசாம இரு!"