ரவுத்தியோக்களின் சனிக்கிழமை

தன் நிரலில் பிழை என்று யாராவது சொன்னால் மின்னா ரவுத்தியோவுக்குச் சிரிப்புதான் வரும். பின்லாந்தின் தம்பெரே நகரில் ஒரு பதிப்பகத்தில் இருபது வருடமாக எக்ஸ்எம்எல் என்ற கணினிக் கோப்புகளைக் கட்டி மேய்க்கிறவள். அதனால்தான் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியின் சங்கத் தலைவர் பெந்த்தி குடியிருப்பவர்களின் ஒன்பது பக்க முன்பதிவுப் பட்டியலை அவள் தலையில் கட்டினார்.

கார் நிறுத்த ஒரு வரி, துணி துவைக்கும் அறைக்கு ஒரு வரி, கீழ்த்தளத்து சானாவில் ஆவிக்குளியலுக்கு ஒரு வரி என்று அதில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. சில சானா நேரங்கள் மூன்று தடவைகூட வந்திருந்தன. மின்னா பத்தே வரியில் ஒரு எக்ஸ்எஸ்எல்டி நிரல் எழுதினாள். அடுத்தடுத்து ஒரே குடும்பப் பெயர் வந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர். சானா நேரம் ஒன்றுக்கு மேல் இருந்தால் முதலில் வந்ததை மட்டும் எடுத்துக்கொள். ஒன்பது பக்கம் இரண்டாகச் சுருங்கியது.

ஆண்டுக் கூட்டத்தில் கைதட்டினார்கள்.

"தப்பு ஏதாச்சும் இருக்குமா?" என்று கேட்டார் பெந்த்தி.

"மனுஷன் தப்பு பண்ணுவான். இது பண்ணாது" என்றாள் மின்னா. அதைப் பெந்த்தி கூட்டக் குறிப்பிலும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டியல் ஏறியது. காய்கறிப் பையோடு நின்று படித்த மின்னா ஒரு வரியை மட்டும் மறுபடி படித்தாள். 'ரவுத்தியோ, வீடு 4, 11. சானா: சனி மாலை 6.' பதினொன்று அவள் வீடு. நான்கில் இருப்பவன் யார்மோ, ஆறு வருடத்துக்கு முன் அவள் விவாகரத்து செய்த கணவன். படகை அவள் விட்டுக்கொடுத்தாள், நாயை அவன் விட்டுக்கொடுத்தான். சனிக்கிழமை சானாவை மட்டும் இருவரும் விடவில்லை. அதற்காகவே அவன் அதே கட்டடத்தில் வீடு வாங்கினான். ஆறு மணி அவனுக்கு, ஏழு மணி அவளுக்கு. பெயரை மாற்ற மனுப் போடச் சோம்பல்பட்டு அவன் பெயரையே வைத்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க அவள் காத்துக்கிடக்கும் ஏழு மணியை இப்போது அவள் நிரலே விழுங்கிவிட்டது. காலியான அந்த மணிக்கு நேராகப் பெந்த்தியின் பெயர் இருந்தது. சனிக்கிழமை நேரம் ஒன்று காலியாகட்டும் என்று நான்கு வருடமாகக் காத்திருந்தாராம்.

"ஏன்டி, எங்கிட்டகூடச் சொல்லலையே! எப்பலேருந்து?" என்று பட்டியலில் சேர்ந்திருந்த இரண்டு வீட்டு எண்களையும் காட்டிக் கண்ணடித்தாள் மாடி வீட்டுத் தூலிக்கி.

சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து முற்றத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யும் நாள். மின்னா வீறாப்பை விழுங்கிக்கொண்டு, நெருப்பில் தொத்திறைச்சியைப் புரட்டிக்கொண்டிருந்த பெந்த்தியின் முன் போய் நின்றாள்.

"பட்டியல் தப்பு. நான் எழுதினதுதான் தப்பு. வீட்டு நம்பரையும் பாத்துச் சேத்திருக்கணும், பேரை மட்டும் பாத்துட்டேன். முதல்ல வந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கோன்னும் நான்தான் எழுதினேன். ஒரு வரி மாத்தினா சரியாயிடும்."

இருபது வருடத்தில் இப்படி ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்ததில்லை. வெட்கத்தில் காது சிவந்தது.

"அது தப்பு பண்ணாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? குறிப்புல இருக்கு" என்றார் பெந்த்தி. "இதுல வெக்கம் என்ன மின்னா? பிரிஞ்சவங்க சேர்றது நல்ல விஷயம்தானே!"

"யார்மோ, நீயாவது சொல்லேன்!"

இலை வாரிக்கொண்டிருந்த யார்மோ நிமிர்ந்தான். "கம்ப்யூட்டர் விஷயம் எனக்கென்ன தெரியும்? எல்லாம் தெரிஞ்சவ நீதானே."

முற்றமே சிரித்தது. அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றார் பெந்த்தி. அடுத்த கூட்டம் அடுத்த வசந்தத்தில். சானாவில் உடம்பில் தட்டிக்கொள்வதற்காகத் தூலிக்கி குளிர்பெட்டியில் வைத்திருந்த பிர்ச் மர இலைக்கட்டு ஒன்றைக் கொண்டுவந்து, "குளிக்கிறப்போ ஆளுக்கொண்ணு எதுக்கு, ஒண்ணு போதும்" என்று மின்னாவின் கையில் திணித்தாள்.

மாலை ஆறு மணிக்கு இருவரும் துண்டோடு சானா வாசலில் நின்றார்கள். ஏழு மணிக்குப் பெந்த்தி வந்துவிடுவார்.

"அரை மணி எனக்கு, அரை மணி உனக்கு" என்றான் யார்மோ.

"சரி. நான் முதல்ல போறேன்."

"அதெப்படி? பட்டியல்ல நாலாம் நம்பர்தான் முதல்ல. முதல்ல வந்ததை எடுத்துக்கோன்னு எழுதினது யாரு?"

அவன் அவள் கையிலிருந்த இலைக்கட்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். சூடேறிய கல்லில் தண்ணீர் சீறும் சத்தம் கேட்டது. முதல் ஆவிதான் சுகம். அவள் பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தாள்.