கொடைரோடு ஏஞ்சலின்

பொய் சொல்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சொன்ன பொய்யை உட்கார வைத்து ஒரு வருஷம் சோறு போட்டு வளர்ப்பது இருக்கிறதே, அதுதான் பெரும்பாடு. ஷாஹினா வளர்த்தாள். பெயர்கூட வைத்தாள், ஏஞ்சலின் என்று. ஊர் கொடைரோடு. இப்போது அந்த ஏஞ்சலினைப் பெற்றவர்களைப் பார்க்கத்தான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நிலக்கோட்டை பஸ் ஏறி, அம்மா குர்ஷித் பேகத்துக்குப் பக்கத்தில் பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் மடியில் தூக்குச்சட்டி. அதற்குள் ரவையும் முட்டையும் நெய்யும் போட்டுக் கிண்டி, தணலில் வைத்து எடுத்த தம்ரூட். காலையில் வீடே மணத்தது. பைக்குள் ஏஞ்சலினின் அம்மாவுக்கென்று ஆசை ஆசையாக எடுத்த சுங்குடிச் சேலை வேறு. அரக்குக் கலர்.

"அவங்க கிறிஸ்டியனாச்சே, சுங்குடி கட்டுவாங்கள்ல?" என்றாள் அம்மா.

"கட்டுவாங்கம்மா" என்றாள் ஷாஹினா. இல்லாத பொம்பளை என்ன சேலை கட்டினால் என்ன?

எல்லாம் போன வருஷம் தொடங்கியது. ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்கிற ஊரில் மாஸ்டர்ஸ் படிக்க இடம் கிடைத்தது. ஷாஹினாவைப் பெற்ற அத்தா முனீர் தோல் வியாபாரி, நாலு ஊர் பார்த்தவர், போகட்டும் என்று தலையாட்டிவிட்டார். அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. "பொம்பளப் பிள்ள தனியா ஒரு ரூம்லயா? கதவச் சாத்திக்கிட்டு மயங்கிக் கெடந்தாலும் கேக்க நாதி இருக்காது. நம்ம பக்கத்துப் பொண்ணு ஒண்ணு கூட இருந்தா போ. இல்லேன்னா இந்தப் பேச்சே வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அம்மா சொன்னால் சொன்னதுதான். திண்டுக்கல் பேகம்பூரில் இருந்த அந்த வீட்டில் அவள் வாயை மீறி ஒரு குக்கர் விசிலடித்தது கிடையாது.

அன்றைக்கே ஏஞ்சலின் பிறந்துவிட்டாள். முஸ்லிம் பெண் பெயராக ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லியிருந்தால் அம்மா அரை மணி நேரத்தில் யார் வீட்டுப் பிள்ளை, யாருக்குப் பேத்தி, தாய்மாமன் எந்த ஊர் என்று வத்தலக்குண்டு வரைக்கும் போன் போட்டுக் கண்டுபிடித்திருப்பாள். கொடைரோட்டுக் கத்தோலிக்கப் பெண் என்றால் அந்தத் தொல்லை இல்லை பாருங்கள். புத்திசாலிப் பிள்ளை!

போன இடத்தில் ஷாஹினாவுக்கு ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு கடையும் திறக்காது என்பது தெரியாமல் முதல் ஞாயிறு முழுக்க பிஸ்கட்டைத் தின்று கிடந்தாள். வீட்டுக்குப் போனில் சொன்னது, "ஏஞ்சலின் தக்காளிச் சோறு பண்ணாம்மா." டிசம்பரில் காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தாலே அறை சுற்றியது. டிராம் பிடித்துத் தானே டாக்டரிடம் போனாள். அந்த மனிதர் மாத்திரைகூடத் தராமல், டீ குடித்துவிட்டுப் படுத்துத் தூங்கு என்று அனுப்பிவிட்டார். வீட்டுக்குச் சொன்னது, "ஏஞ்சலின்தான் கூட்டிட்டுப் போனா. கஞ்சி வச்சுக் குடுத்தா."

நல்லது மட்டுமா? கெட்டதையும் அந்தப் பாவப்பட்ட பெண் தலையில்தான் கட்டினாள். ஒரு பேப்பரில் பெயிலானது ஏஞ்சலின். பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியதும் ஏஞ்சலின். "அடப்பாவமே, நல்லெண்ணெயச் சுட வச்சு அந்தப் பிள்ளைக்கு நீவி விடு" என்றாள் அம்மா. வலது கை வீங்கிக் கிடக்க, இடது கையால் தனக்குத்தானே நீவி விட்டுக்கொண்டாள் ஷாஹினா.

அம்மா ஏஞ்சலினிடம் பேச வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் அவள் குளித்துக்கொண்டிருந்தாள், சர்ச்சுக்குப் போயிருந்தாள், தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருநாள் தப்பிக்க வழியே இல்லாமல், ஷாஹினாவே போன்மேல் துண்டைப் போட்டு மூடி, "வணக்கம் ஆன்ட்டி" என்று கரகரத்தாள். "தொண்டை கட்டியிருக்கு போல. ஆவி பிடிம்மா" என்று அம்மா பத்து நிமிஷம் வைத்தியம் சொன்னாள். அன்றைக்கு ஷாஹினா சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. போனை வைத்த பிறகு, அந்தச் சிரிப்பைப் பங்கு போட ஆளில்லாமல் அறை கம்மென்று இருந்தது.

லீவுக்கு வந்தாள், ஏஞ்சலின் அங்கேயே தங்கிவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு. அடுத்த வாரம் பிளைட். இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. இந்த நேரம் பார்த்து அம்மா, "நம்ம பிள்ளைய அம்புட்டுத் தூரம் தாங்குன பொண்ணு. அவளப் பெத்தவங்களப் போய்ப் பாக்கலேன்னா நாம மனுசங்களா?" என்று கிளம்பிவிட்டாள். குட்டு உடைந்தால் பாஸ்போர்ட் பீரோவுக்குள் போய்விடும். அது நிச்சயம்.

பஸ் சின்னாளபட்டிப் பிரிவைத் தாண்டியது. ஷாஹினா வாயைத் திறந்தாள். "அம்மா, அவங்க வீட்ல எல்லாரும் வேளாங்கண்ணி போறதா ஏஞ்சலின் சொன்னா."

"போனா என்ன? பக்கத்து வீட்ல குடுத்துட்டு வருவோம்."

"வீடு எங்கன்னு எனக்குத் தெரியாதே."

"வாய்ல என்ன கொழுக்கட்டையா இருக்கு? கேட்டாச் சொல்லிட்டுப் போறாங்க. கொடைரோடு என்ன மெட்ராஸா?"

காந்திகிராமம் போயிற்று. அம்பாத்துரை போயிற்று. பஸ் பிரேக் டவுன் ஆகக் கூடாதா என்று ஷாஹினா வேண்டினாள். மற்ற நாளில் இருமி இருமிப் போகிற பஸ், அன்றைக்கு என்ன கேடோ, பறந்தது.

கொடைரோட்டில் இறங்கியதும் ஸ்டேஷன் பக்கம் நின்ற ஆட்டோக்காரரிடம் அம்மா நேராகப் போனாள். சட்டையில் பேச்சிமுத்து என்று பேட்ஜ் குத்தியிருந்த நடுத்தர வயசு மனிதர்.

"தம்பி, இங்க ஏஞ்சலின்னு ஒரு பொண்ணு. வெளிநாட்ல படிக்குது. அவங்க வீடு தெரியுமா?"

தெரியாது என்றுதானே சொல்ல வேண்டும்? அதுதான் நியாயம். ஆனால் அவர் சட்டென்று, "ஏஞ்சலினா? சர்ச்சுக்குப் பின்னாடி, டீச்சர் வீட்டுப் பொண்ணுதான? அது வெளிநாட்டுக்குப் போயிருச்சா? சொல்லவே இல்லயே! ஏறுங்கக்கா" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அம்மா ஏறி உட்கார்ந்து தூக்குச்சட்டியை மடியில் வைத்தாள். ஷாஹினா ஏறாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் முன்னே பின்னே தெரியாத ஒரு டீச்சர் வீட்டு வாசலில் அம்மா நின்று, உங்க பொண்ணு எம் பிள்ளைக்குக் கஞ்சி வச்சுக் குடுத்துச்சு என்று கண்கலங்கப் போகிறாள். அந்த டீச்சர் திருதிருவென்று முழிக்கப் போகிறார். அம்மா அங்கே அவமானப்பட்டு நிற்பதை நினைத்தபோதுதான், பாஸ்போர்ட்டாவது மண்ணாங்கட்டியாவது என்று ஷாஹினாவுக்குத் தோன்றிவிட்டது.

"அம்மா, இறங்கும்மா. ஏஞ்சலின்னு யாரும் இல்ல."

"என்னடி சொல்ற?"

"யாருமே இல்லம்மா. நாந்தான் கதை கட்டுனேன். நீ விடமாட்டேன்னு சொன்னியேன்னு. ரூம்ல நான் மட்டுந்தான்."

வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அம்மா தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்தாள். பிறகு, "தம்பி, வண்டிய ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லி மெதுவாக இறங்கினாள். பேச்சிமுத்துவுக்கு விவரம் புரிந்ததோ இல்லையோ, சாவியைத் திருகிவிட்டு, டீ குடிக்கப் போகிறவர் மாதிரி நாசூக்காக நகர்ந்துவிட்டார்.

ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. அம்மா உட்கார்ந்தாள். ஷாஹினா நின்றாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தாள்.

"கஞ்சி வச்சுக் குடுத்தது?" என்று கேட்டாள் அம்மா.

"நானே வச்சுக்கிட்டேன்."

"டாக்டர்ட்ட?"

"நானேதான் போனேன்."

"பெயிலானது?"

"நாந்தான். அப்புறம் எழுதிப் பாஸாயிட்டேம்மா."

"அப்ப அந்த ஐஸ்ல விழுந்தது..."

ஷாஹினா வலது கையைப் பின்னால் மறைத்தாள். அம்மா அவள் வலது கையை வெடுக்கென்று பிடித்து இழுத்து, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முந்தைய வீக்கத்தை இப்போது தேடுகிறாள். இருந்தால்தானே கிடைக்கும்? பிறகு அந்தக் கையிலேயே பட்டென்று ஓர் அடி வைத்தாள். நல்ல அடி. அடித்த இடத்தையே பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"பெருநாளைக்கு அழுதேன், அந்தப் பிள்ளதான் தேத்துச்சுன்னு சொன்னியேடி."

"யாரும் தேத்தலம்மா. அழுது முடிச்சேன். பசிச்சுச்சு. எந்திரிச்சுச் சோறு வடிச்சேன்."

அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "நான் என்னமோ நன்றி சொல்ல வந்தேன்னு நெனச்சியா? அவள ஒரு தடவ பாக்கணும்னு வந்தேன். அவளப் பெத்தவள. எம் பிள்ளைக்கு நான் செய்யவேண்டிய அம்புட்டையும் எவ பெத்த பிள்ளையோ செய்யுதேன்னு எனக்கு வயித்தெரிச்சல். வருஷம் பூரா வயித்தெரிச்சல். இந்தத் தம்ரூட்டக்கூட எரிச்சலோடதான் கிண்டுனேன், அல்லா மன்னிக்கணும்."

ஷாஹினாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அம்மா முறைத்தாள். முறைத்த வாக்கிலேயே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக ரெண்டு பேரும் குலுங்கியதைப் பார்த்து, டீக்கடையில் நின்ற பேச்சிமுத்து கிளாஸை வாயருகே வைத்தபடி குடிக்க மறந்துபோனார்.

"ஒரு வருஷம் முழுக்கத் தனியாவா இருந்த?" அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஆமாம்மா."

"பயமா இல்லையா?"

"மொதல்ல இருந்துச்சு. அப்புறம் பழகிருச்சு."

அம்மா தண்டவாளப் பக்கம் பார்த்தபடி இருந்தாள். இத்தனை நாளாக எதை நினைத்துத் தூக்கம் கெட்டாளோ, அது அவளுக்கே தெரியாமல் நடந்து முடிந்து, பிள்ளை முழுசாகக் கண்முன்னால் நிற்கிறது. இனி எதற்குப் பயப்பட? நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது முகத்தில் தெரிந்தது.

"எந்தத் தொழுகையிலயும் அவள விட்டதில்ல தெரியுமா?" என்றாள். "எரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும், அந்தப் பிள்ளையையும் நல்லா வையி ரப்பேன்னு துஆ கேட்டுருவேன். உனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. ரெண்டும் உனக்கே வந்து சேந்திருக்கு, திருட்டுக் கழுத!"

தூக்குச்சட்டியைத் திறந்து பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு ஒரு பெரிய துண்டு கொடுத்தாள். அவர் வாயில் போட்டுக்கொண்டு, "டீச்சர் வீட்டுக்குப் போகலயாக்கா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, வேற ஏஞ்சலின்" என்றாள் அம்மா. ஷாஹினாவும் ஒரு துண்டு எடுத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்காத தொண்டையில் நெய் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அத்தா. அம்மா தெளிவாகச் சொன்னாள், "உங்க அத்தாவுக்கு இது தெரியவே கூடாது. அந்த மனுசன் ராத்திரி கண்ண மூடமாட்டாரு." பிறகு போனைக் காதில் வைத்தாள்.

"ம்... வந்துட்டோம்... பாத்தாச்சு, பாத்தாச்சு. ஏஞ்சலினோட அம்மா இங்கதான் இருக்கா... நல்ல பொம்பள. கொஞ்சம் அழுமூஞ்சி, வேற ஒண்ணுமில்ல... பொண்ண நல்லா வளத்திருக்காங்க. தைரியமான பிள்ள."

மறுமுனையில் அத்தா என்னவோ நீளமாகக் கேட்டார். அம்மா ஷாஹினாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"கேட்டேன், கேட்காம இருப்பேனா? அடுத்த வருஷமும் ரெண்டு பிள்ளைகளும் ஒண்ணாவே இருக்கட்டும்னு சொல்லிட்டா. எனக்கும் அதுதான் சரின்னு படுது. அடுத்த வாரம் அவ கெளம்பட்டும்."