பெருமண்டப முற்றத்தில் மூடுபனி

எங்கள் கெங் குடும்பத்தில் தம்பி அண்ணனுக்கு முன்னால் நடந்ததில்லை. சாப்பிட உட்காரும்போதும் சரி, மூதாதையரின் பெயர்ப்பலகைகளுக்கு ஊதுபத்தி ஏற்றும்போதும் சரி, அண்ணன் முதலில், தம்பி பிறகு. அதனால்தான் என் தம்பி ஷூயியை நான்காம் நிலை அலுவலராக உயர்த்தி ஆணை வந்த நாளிலிருந்து நான் அவனோடு பேசவில்லை. நான் ஐந்தாம் நிலை. அரண்மனைப் பெருமண்டபத்தின் முற்றத்தில் நிலை வரிசைப்படிதான் நிற்க வேண்டும். இனி அவன் முன்னே. நான் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னே.

பேரரசரின் பிறந்தநாள் வந்தது. விடியலில் கிழக்குப் பக்கவாசல் வழியாக உள்ளே போனோம். முற்றம் முழுக்க மூடுபனி. படிகளுக்கு மேலே வெண்கலக் கொக்குகளின் வாயிலிருந்தும் ஆமைகளின் வாயிலிருந்தும் வாசனைப் புகை இறங்கிப் பனியோடு கலந்துகொண்டிருந்தது. பெருமண்டபம் இருந்த இடத்தில் வெறும் வெண்மை.

அந்த மண்டபம் எப்போதுமே பாதிக் கனவுதான். ஆண்டில் சில நாட்களே பேரரசர் அதன் சிம்மாசனத்தில் அமர்வார். மற்ற நாட்களில் தூண்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். அதன் பின்னால் ஒரு சிறிய சதுர மண்டபம். அங்கே சற்று இளைப்பாறி, அருகிலிருப்பவர்களின் வணக்கத்தை ஏற்ற பிறகே அவர் முன்னால் வருவார். அதற்கும் பின்னால் விருந்து மண்டபம். அதற்கும் பின்னால் உள்வாசல். அந்த வாசலுக்கு அப்பால் எங்கள் குடும்பத்தில் எவரும் போனதில்லை, ஷூயி போகும்வரை.

முற்றத்தில் நிலைகளைக் குறிக்கும் வெண்கல அடையாளங்கள் சின்னச் சின்ன மலைகள்போல வரிசையாக இருக்கும். பனியில் எழுத்துத் தெரியவில்லை. குனிந்து விரலால் தடவிப் பார்த்து என் இடத்தில் நின்றேன். பக்கத்தில் லுவான். அவரும் ஐந்தாம் நிலை. வாய் சும்மா இருக்காது.

"என்ன கெங் அண்ணே, தம்பி பெரிய ஆளாயிட்டாராமே! இனிமே அவரு காலைப் பாத்துத்தான் நீங்க கும்பிடணும்."

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இரும்யா. கண்காணிப்பு அதிகாரி காதுல விழப்போவுது."

இங்கே இருமினாலே பெயரை எழுதிக்கொள்வார்கள். தப்பான வரிசையில் நின்றால் பதவியே போகும்.

பின்னாலிருந்து யாரோ என் சட்டைக் கையைத் தொட்டார்கள். திரும்பினேன். ஷூயி.

"நீ ஏன்டா இங்க நிக்கற?"

"எங்க நிக்கணுமோ அங்கதாண்ணா நிக்கறேன். உங்களுக்குப் பின்னாடி."

"பைத்தியமா உனக்கு? உன் இடம் முன்னாடி."

"இந்தப் பனியில யாருக்குத் தெரியப்போவுது? தெரிஞ்சாத்தான் என்ன? என்கூட நீங்க பேசி எத்தனை நாளாச்சு! நாலாம் நிலைக்குக் குடுத்த இந்த நீலக்கல் தொப்பி போனா போவட்டும்."

"அடடா, தம்பின்னா இவருல்ல தம்பி," என்றார் லுவான், சிரிப்பை விழுங்கியபடி.

நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன். ஷூயியின் மூச்சு என் பிடரியில் பட்டது. சிறுவயதிலிருந்து எனக்குப் பின்னாலேயே வந்த மூச்சு. அந்தப் புகைக்குள், யார் கண்ணுக்கும் படாமல், எங்கள் குடும்பம் அதன் ஒழுங்கில் நின்றுகொண்டிருந்தது.

அப்போது மிக உயரத்தில் மஞ்சள் கூரையின் ஒரு துண்டு தெரிந்தது. கீழே சுவரில்லை, தூணில்லை. கூரை மட்டும் மிதந்தது. பிறகு அதன் முனையில் வரிசையாக அமர்ந்த சுட்ட ஓட்டு விலங்குப் பொம்மைகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன. பனி மேலிருந்து கரைந்து இறங்கியது. கண்காணிப்பு அதிகாரியின் காலடியோசை வரிசை வரிசையாக எங்களை நோக்கி வந்தது.

கெங் வீட்டு ஆண் ஒருவன் தன் இடம் தெரியாமல் நின்றான் என்று எழுதிவிட்டால், அது என் அப்பாவின் பெயர்ப்பலகை மீதே எழுதியது போல.

"ஷூயி, அண்ணன் சொல்றேன். முன்னாடி போ."

"மனசாரச் சொல்றீங்களா?"

"மனசு கினசெல்லாம் வீட்டுல வச்சுக்க. அண்ணன் சொன்னா தம்பி கேக்கணும், அவ்வளவுதான். நடுப்பாதையை மிதிச்சுடாத. அது பேரரசருக்கு. ஓரமாப் போ."

அவன் போனான். தொப்பியின் நீலக்கல் வெண்மையில் மறைந்தது. எனக்கு முன் வரிசையில் மறுபடி முளைத்து அசையாமல் நின்றது. அதிகாரி எங்களைக் கடந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் முதுகை இன்னும் நிமிர்த்தினேன்.

எல்லாரையும் அமைதியாக்கும் சாட்டை சொடுக்கியது. மணிகள் ஒலித்தன. சிம்மாசனத்தில் இருந்தவரை நான் பார்க்கவில்லை. அவ்வளவு தூரத்துக்கு எங்கள் கண் எட்டாது. மண்டியிட்டுத் தலை தாழ்த்தியபோது எதிரே தெரிந்தது ஷூயியின் காலணி அடிதான். இடது குதிகாலில் பிரிந்த இடத்தைக் கறுப்பு நூலால் தைத்திருந்தது. என் மனைவியின் தையல். எனக்குத் தெரியாமல் எப்போது தைத்தாள்?

சடங்கு முடிந்ததும் தெற்குப் பெருவாசலுக்கு வெளியே ஷூயி சுவரோரமாகக் காத்திருந்தான். நான் நிற்காமல் அவனைக் கடந்தேன். பின்னால் வந்தான்.

"உள்வாசலுக்கு அப்பால கூப்பிட்டாங்களே, அங்க எப்படி இருந்துச்சு?" என்று திரும்பாமலே கேட்டேன்.

"சின்ன அறைண்ணா. அப்பா படிச்சுக்கிட்டிருந்த அறை அளவுதான் இருக்கும். ஜன்னல் வெயில்ல ஒரு பூனை தூங்கிக்கிட்டிருந்துச்சு. அங்க உக்காந்துதான் நாட்டையே ஆள்றாரு."

"பொய் சொல்லாத."

"சத்தியமாண்ணா!"

நான் நடையைச் சற்றுத் தளர்த்தினேன். பின்னால் அவன் காலடியும் தளர்ந்தது.